மாதாவுக்குச் சேலை கட்டும் ஆண்கள்

எங்கள் சபைப் போதகரிடம், ஒரு கல்யாணத்துக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அடுத்த ஞாயிறு பிரசங்கம் முழுக்க என் தலையில்தான் விழுந்திருக்கும். எங்கள் சபையில் சிலை கிடையாது, சுரூபம் கிடையாது, மெழுகுவர்த்தி கூடக் கரண்ட் போனால்தான். அப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்தவள், கத்தோலிக்கர்களின் மாதா சிலைக்குச் சேலை கட்டிவிட இராமேஸ்வரம் தீவுக்குப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

சேலைதான் என் பிழைப்பு. திருப்பூரில் கல்யாணப் பெண்களுக்குச் சேலை கட்டிவிடுகிறேன். கொசுவம் வைத்து, இஸ்திரி போட்டு, பெட்டியில் மடித்தும் கொடுப்பேன். ஆரம்பத்தில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தேன். அங்கே விடுதியில் நாலு வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் சகாயமேரி. பாம்பனைத் தாண்டி ஒரு மீனவர் ஊரில் வாழ்க்கைப்பட்டவள். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அவள் அங்கே இன்னும் இருந்தாக வேண்டும்.

அவள் போனில் சொன்னது இவ்வளவுதான். அவள் கணவன் கித்தேரியான் எல்லை தாண்டி மீன் பிடித்ததாகப் பிடிபட்டு, அக்கரைச் சிறையில் ஆறு மாதம் கிடந்தான். அவன் திரும்பி வந்தால் மாதாவுக்கு என் கையால் சேலை கட்டுகிறேன் என்று இவள் நேர்ந்துகொண்டாள். அவன் வந்துவிட்டான். திருவிழாவும் வந்துவிட்டது. "நல்ல சேலையா ஒண்ணு எடுத்துக்கிட்டு நீங்களும் வாங்கக்கா, எனக்குக் கொசுவம் சரியா வராது" என்றாள். வழவழவென்று ஒரு சாஃப்ட் சில்க், ஆகாய நீலம், எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை. இராமநாதபுரத்தில் ஏறிய பஸ் உச்சிப்புளியில் டயர் வெடித்து நின்றது. தலைக்கு மேலே பக்கத்துக் கடற்படைத் தளத்து ஹெலிகாப்டர் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே ஐம்பது பேர் வெயிலில் நின்றோம். ஆண்கள் ஒவ்வொருவராகக் கருவேல மரத்துக்குப் பின்னால் போய்விட்டு நிம்மதியாக வந்தார்கள். பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம். திருப்பூர் ஆனாலும் இராமநாதபுரம் ஆனாலும் இதில் மட்டும் வித்தியாசமே கிடையாது.

பக்கத்து சீட்டில் வந்தவர் கீழக்கரைக்காரர், பெயர் ஜெய்னம்பு. பாம்பனில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போகிறார். டப்பாவைத் திறந்து தொதல் கொடுத்தார். கறுப்பாக, எண்ணெய் மினுங்க, வாயில் போட்டால் பல்லை விட மாட்டேன் என்கிற இனிப்பு. நான் எதற்குப் போகிறேன் என்று கேட்டார், சொன்னேன். மென்றுகொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"நீயா கட்டப் போற? இங்கன ஆம்பளைங்கல்ல கட்டுவாங்க."

மாதாவுக்கா என்று கேட்டேன். ஆமாம், திரை போட்டுக்கொண்டு ஆண்கள்தான் கட்டுவார்கள், பெண்கள் கிட்டே போகக் கூடாது, இந்தப் பக்கம் சில ஊரில் அப்படித்தான் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சமாதானமாகச் சொன்னார்: "மரியம் அம்மாவுக்கு எங்க வேதத்துல ஒரு அத்தியாயமே இருக்கும்மா. ஆனா ஆம்பள சேலை கட்டிவிட்டதா அதுல எங்கயும் வரல."

பல்லில் ஒட்டிய தொதலை நாக்கால் நெம்பிக்கொண்டிருந்தேன். பஸ் கிளம்பிப் பாலத்தில் ஏறியபோது எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். நான் போனைப் பார்த்தேன். சகாயமேரி எடுக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் அவள் முதலில் இலையைப் போட்டாள். கணவாய்த் தொக்கு, பாரை மீன் குழம்பு, மாசிச் சம்பல். எனக்குச் சோறு வைத்தால் என் கோபம் இறங்கிவிடும் என்று விடுதிக் காலத்திலேயே கண்டுபிடித்தவள். எங்கள் ஊரில் மீன் என்றால் ஐஸில் மூன்று நாள் தூங்கி எழுந்து வருவது. இங்கே காலையில் நீந்தியது. இரண்டாம் சோறு வாங்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு கேட்டேன். ஏன் சொல்லவில்லை?

"சொன்னா வந்திருக்க மாட்டீங்கல்ல" என்றாள்.

கோவிலில் பீடத்தில் இருக்கும் மாதாவை நேருக்கு நேர் பார்த்து, வாய்விட்டு, ஜெபமாலைக்கு வந்த பெண்கள் அத்தனை பேரும் கேட்கும்படி நேர்ந்திருக்கிறாள். அப்போது யாரும் தடுக்கவில்லை. அவன் எங்கே வரப்போகிறான் என்று நினைத்திருப்பார்கள். அவன் வந்தபிறகு கோவில் கமிட்டித் தலைவர் சொன்னாராம், சேலை நீ வாங்கிக் கொடு, கட்டுவது நாங்கள், உன் நேர்ச்சை அதிலேயே நிறைவேறிவிடும் என்று. அந்தத் தலைவர் வேறு யாரும் இல்லை, கித்தேரியானின் சொந்த அண்ணன் மரியதாஸ். பெயரைப் பாருங்கள், மரியாளின் ஊழியன்.

என் வளர்ப்புக்கு நேர்ச்சை என்பதே புரியாத விஷயம். கடவுளோடு பேரம் பேசுவது போல இருக்கிறது, சேலை கொடுத்தேன் என்று மாதாவிடம் சொல்லிவிட்டுப் போயேன் என்றேன். அவள் என் இலையில் குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"ஆறு மாசமும் நான் அவகிட்ட மட்டுந்தான்க்கா பேசுனேன். என் கையாலன்னு சொன்னேன். இப்ப வாக்கு மாறிட்டு, திங்கக்கிழமை இவரு கடலுக்குப் போனா, நான் யாருகிட்டப் போயி பேச?"

அதனால் முடிவு எடுத்துவிட்டாள். அவள் கையால் சேலை கட்டாமல் கித்தேரியான் படகில் ஏறக் கூடாது. திங்கட்கிழமை கடலுக்குப் போக வேண்டிய படகு மரியதாஸின் படகு. கித்தேரியான் இல்லாமல் ஆள் குறையும். ஆக, அண்ணனுக்கும் நெருக்கடிதான். கித்தேரியான் எதிரே உட்கார்ந்து மீன் முள்ளைக் கவனமாக எடுத்துக்கொண்டிருந்தான். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். அண்ணன் பேச்சைத் தட்டவும் முடியாது, இவள் பேச்சைத் தட்டவும் முடியாது, ஜெயிலே பரவாயில்லை என்றான்.

சனிக்கிழமை காலையில் கோவிலைப் பார்க்கப் போனேன். போன இடத்தில் ஓர் அதிசயம். எட்டுப் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பீடத்தின் மேலேயே ஏறி, சோப்புத் தூளும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஸ்டூல் போட்டு மாதாவின் கண்ணாடிக் கூண்டுக்கு மேலே ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தாள். சகாயமேரி அவர்களோடு முழங்காலில் நின்று தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் மரியதாஸ் மைக் செட்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு, பெரிய மீசை, பக்கத்தில் நிற்பவரிடமும் மைக்கில் பேசுவது போலப் பேசுகிற ஆள். நான் நேராகப் போய்க் கேட்டேன். பெண்கள் பீடத்தில் ஏறக் கூடாது என்கிறீர்கள், இப்போது எட்டுப் பேர் ஏறி நிற்கிறார்களே?

"அது வேலை. இது சடங்கு" என்றார்.

நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் யாரும் சொன்னதில்லை. எங்கள் சபையில் இதையே முக்கால் மணி நேரம் சொல்வார்கள். அங்கேயும் பிரசங்க மேடையைத் துடைப்பது பெண்கள். அதில் ஏறிப் பேசக் கூடாது. ஒருமுறை கர்த்தர் எனக்குச் செய்த நன்மையைச் சபை முன்னால் நான் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. மேடைக்குக் கீழே நின்று சொல் என்றார்கள். மைக் ஒயர் எட்டவில்லை. கத்திச் சொன்னேன். பெண் சபையில் இப்படிச் சத்தம் போடக் கூடாது என்று அதற்கும் திட்டு வாங்கினேன்.

காரணம் என்ன என்று மரியதாஸை விடாமல் கேட்டேன். மாதா கன்னி, அவளுடைய உடம்பைப் பெண்கள் பார்த்தால் வெளியே போய்ப் பேசுவார்கள், பெண்ணுக்கு வாய் நிற்காது என்றார். ஆண்கள் பார்க்கலாமா என்றேன். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டுதான் கட்டுவோம் என்றார்.

சகாயமேரி முந்தின நாள் எனக்குப் போன வருடத்துத் தேர்ப் படத்தைப் போனில் காட்டியிருந்தாள். மாதா ரயிலில் முன்பதிவு இல்லாத பெட்டியில் இரண்டு நாள் நின்றுகொண்டு வந்தவள் போல இருந்தாள். மீன்பிடிக்கிறவர்கள் அல்லவா, வலை பின்னுகிற நரம்பை வைத்துச் சேலையைச் சுற்றி முடிச்சு முடிச்சாகக் கட்டியிருந்தார்கள். புது நரம்புதான் உபயோகிக்க வேண்டும், அது ஐதீகமாம். கண்ணை மூடிக் கட்டியது படத்திலேயே தெரிகிறது என்றேன். மைக் செட்காரர் திரும்பிக்கொண்டு இருமினார்.

நானும் சகாயமேரியும் அந்தக் கோவிலின் பங்குச் சாமியாரிடம் போனோம். இளைஞர், நல்ல மாதிரி. தனிப்பட்ட முறையில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். பாட்டி காலத்து வழக்கத்தில் கை வைத்தால் ஊர் இரண்டாகிவிடும், அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் பேசலாம் என்றார். கமிட்டியில் எத்தனை பெண்கள் என்று கேட்டேன். அதையும் அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார். நல்ல மாதிரி ஆட்களிடம்தான் எனக்கு அதிகக் கோபம் வருகிறது. மரியதாஸிடமாவது சண்டை போடலாம்.

திருவிழாவுக்கு முன் ஒன்பது நாளும் நடக்கும் நவநாளில், அன்று மாலைப் பிரசங்கத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு சாமியார் வந்திருந்தார். ஊக்கு வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டு நான் தாமதமாகத்தான் வந்தேன். ஏறிய ஷேர் ஆட்டோவில் ஒன்பது பேரும் ஒரு கூடை நண்டும். அதில் ஒரு நண்டு கூடையை விட்டுக் கிளம்பிவிட்டது, ஆட்டோவை நிறுத்திவிட்டு முதலில் இறங்கி ஓடியது டிரைவர்தான். பின்சீட்டிலிருந்த ஒரு பெண்மணி அதன் முதுகைப் பிடித்துக் கூடையில் போட்டுவிட்டு, "வாங்க தம்பி, வந்து ஓட்டுங்க" என்றார்.

நான் போனபோது பிரசங்கம் பெண்களின் உடையில் வந்து நின்றிருந்தது. கை இல்லாத ரவிக்கை, உடம்பை ஒட்டிய கால்சட்டை, மெல்லிய துப்பட்டா எல்லாம் வரிசையாக வந்தன. ஆண்கள் பக்கத்தில் முன்வரிசையில் ஒருவர் சட்டையின் முதல் நாலு பொத்தானைக் கழற்றிவிட்டுச் சங்கிலி தெரிய உட்கார்ந்திருந்தார். அவர் தலையை ஆட்டி ஆமோதித்தார். முடிவாகச் சாமியார் சொன்னது: பெண்கள் எல்லோரும் மாதாவைப் பாருங்கள், மாதாவைப் போல அடக்கமாக உடுத்துங்கள்.

எனக்கு அந்த இடத்தில் ஏதோ பொறி தட்டியது. மாதாவுக்கு உடுத்திவிடுவது யார்? இவர்கள். தாங்களே திரை போட்டுக்கொண்டு ஒருத்திக்கு இழுத்துப் போர்த்திவிட்டு, வெளியே வந்து, பார், அவள் எவ்வளவு அடக்கம், நீயும் அப்படி இரு என்கிறார்கள். மாதாவை ஒரு வார்த்தை கேட்டார்களா? இதைச் சகாயமேரியின் காதில் சொன்னேன். அவள் சேலை முனையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். சாமியார் அவள் அழுகிறாள் என்று நினைத்திருப்பார். குரலை இன்னும் உருக்கமாக்கினார்.

ஞாயிறு திருவிழா. ஆறு மணிக்குத் தேர். பகல் மூன்று மணிக்குச் சேலை மாற்ற வேண்டும். மதியம் பிரியாணி முடிந்த கையோடு மரியதாஸ் என்னைத் தேடி வந்தார். முகம் சரியில்லை. நான் கொண்டுவந்த சேலையைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். வழக்கமாக வாங்குவது மொடமொடப்பான சேலை, நரம்பு போட்டு இறுக்கினால் நிற்கும். இது கையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது. வேறு சேலையும் இல்லை, இந்தச் சேலையைத்தான் காலைப் பூசையில் மந்திரித்து ஆசீர்வதித்திருக்கிறார்கள். தப்பு என்னுடையதுதான். பெண்ணின் உடம்பை நினைத்து எடுத்த சேலை அது.

கட்டும் முறையைச் சொல்லிக் கொடுங்கள், நாங்கள் செய்துகொள்கிறோம் என்றார். வாயால் சொன்னால் வராது, ஒரு ஆள் மேல் கட்டிக் காட்ட வேண்டும் என்றேன். பூசைப் பாத்திரமும் உடுப்பும் வைக்கும் பின்னறைக்குப் போனோம். அங்கே சூசை இருந்தார். முப்பது வருடமாக மாதாவுக்குச் சேலை கட்டுகிறவர், எழுபது வயது, பேச்சே இல்லாத மனிதர். நேர்ச்சைக்காரக் குடும்பம் என்பதால் இந்த வருடம் மூன்றாவது ஆளாகக் கித்தேரியானைச் சேர்த்திருந்தார்கள். திரைக்குள் போவது அவனுக்கு இதுதான் முதல் தடவை.

சகாயமேரி மேல் கட்டிக் காட்டுகிறேன் என்றேன். சூசை பதறிவிட்டார். ஒரு பெண்பிள்ளைக்குச் சேலை கட்டுவதை ஆண்கள் நின்று பார்ப்பதா, அசிங்கம் என்றார். மாதா பெண்பிள்ளை இல்லையா என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அப்படியானால் ஓர் ஆண்தான் நிற்க வேண்டும் என்றேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

கித்தேரியான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"ஏலே, வெக்கமா இல்ல?" என்றார் மரியதாஸ்.

"ஆறு மாசம் செயில்ல நின்னாச்சு. அரை மணி நேரம் சேலையில நின்னா என்ன?" என்றான்.

சகாயமேரிதான் கட்டினாள். நான் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். இடுப்பில் ஒரு சுற்று, வலப்பக்கம் செருகல், ஏழு கொசுவம், தொப்புளுக்குக் கீழே உள்ளே தள்ளி ஒரு ஊக்கு, முந்தியை மடித்துத் தோளில் ஒரு ஊக்கு. கைலிக்கு மேலேயே கட்டினோம். வெயிலில் கறுத்த, விலா எலும்பு எண்ணக்கூடிய உடம்பு. ஆகாய நீலம் அவனுக்குப் பொருந்திவிட்டது. திரும்பச் சொன்னேன், திரும்பினான். நடக்கச் சொன்னேன், நடந்தான். அவள் அவன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கொசுவத்தின் அடியை இழுத்துவிட்டபோது அவன் அவள் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. மரியதாஸ் மீசையைத் தடவிக்கொண்டு, அவ்வளவுதானா, இது எங்களுக்கு வராதா என்றார்.

மூன்று மணிக்கு நீலத் திரை விழுந்தது. உள்ளே மூன்று ஆண்கள், ஒரு மாதா, ஒரு சேலை. வெளியே அறுபது பெண்கள் முழங்காலில் ஜெபமாலை. கோவிலுக்குள் தலை மூடாமல் பெண்கள் வரக் கூடாது என்பதால் எல்லோர் தலையிலும் முக்காட்டுத் துணி, வெள்ளை வலைத்துணி, துப்பட்டா, சிலர் தலையில் குளியல் துண்டு கூட. எனக்கும் யாரோ ஒன்று கொடுத்திருந்தார்கள். நான் திரைக்குப் பக்கத்தில், பீடத்துப் படிக்குக் கீழே நிறுத்தப்பட்டேன். சந்தேகம் வந்தால் உள்ளேயிருந்து கேட்பார்கள், நான் வெளியேயிருந்து சொல்ல வேண்டும். ஏற்பாடு அப்படி.

முதல் ஜெபமாலை முடிந்தது. உள்ளே சரசரப்பும் பெருமூச்சும். இரண்டாவது முடிந்தது. ஊக்கு விழுந்த சத்தமும் மரியதாஸ் முணுமுணுத்த ஒரு வார்த்தையும் கேட்டன. அந்த வார்த்தை கோவிலுக்குள் சொல்லக் கூடியது அல்ல. மணி நாலரை தாண்டியது. மூன்றாவது ஜெபமாலை ஓடிக்கொண்டிருக்கும்போது, நிற்க மாட்டேன் என்கிறது, என்ன செய்ய என்று மரியதாஸின் குரல் வந்தது.

கொசுவத்தை இடுப்பில் செருகுங்கள் என்றேன். பதில் இல்லை.

இடுப்பில் கயிறு கட்டினீர்களா என்றேன். பதில் இல்லை.

இடுப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதற்கு நாலு விரல் மேலே பிடியுங்கள் என்றேன். அதற்கும் பதில் இல்லை. பிறகு கித்தேரியான் பேசினான். என்னிடம் அல்ல.

"மேரி, இங்கன இடுப்பே இல்ல."

ஏலே என்று மரியதாஸ் அதட்டியதும் கேட்டது. ஆனால் ஜெபமாலை நின்றுவிட்டது. அறுபது பெண்களும் கேட்டுவிட்டார்கள். சகாயமேரி எழுந்தாள், மூன்று படியும் ஏறினாள், திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். தடுக்க வேண்டிய ஆட்கள் எல்லோரும் உள்ளே இருந்தார்கள்.

இரண்டு நிமிடம் கழித்து, ஊக்கோடு நானும் திரைக்குள் தலையை நீட்டினேன். மாதாவுக்கு முகம் இருந்தது, அவ்வளவு அழகான முகம், கும்பிட்ட இரண்டு கைகள் இருந்தன. கழுத்துக்குக் கீழே மூன்று கட்டைகள். குறுக்கே நாலு சட்டம். அதற்குள் கிழிந்த வலையும் தேங்காய் நாரும் திணித்திருந்தார்கள். அவ்வளவுதான். இவர்கள் தலைமுறை தலைமுறையாகத் திரை போட்டு மறைத்த கன்னி உடம்பு இதுதான். மரியதாஸ் தரையில் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தார். சூசை, தன்னுடைய அய்யா சாகும்போது வெளியே சொல்லாதே என்று சத்தியம் வாங்கினார் என்றார். கேலி செய்ய எனக்கு எவ்வளவோ தோன்றியது. சகாயமேரியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் செய்யவில்லை.

"எத்தனை வருசமா இப்புடியே நிக்குறா?" என்றாள்.

அவள் நாரையும் வலையையும் பிடுங்கி வெளியே போட்டாள். துணி வேண்டும் என்றாள். கித்தேரியான் தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சட்டத்தைச் சுற்றினாள், அது ஒரு இடுப்பு. போதவில்லை. என் தலையில் இருந்ததை உருவினாள். அதுவும் போதவில்லை. நான் திரைக்கு வெளியே தலையை நீட்டி, மாதாவுக்கு உடம்பு வைக்க வேண்டும், துணி கொடுங்கள் என்றேன்.

பெண்கள் தலையில் இருந்த துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு முன்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா தன் முக்காட்டை உருவிச் சுருட்டித் திரைக்கு அடியில் தள்ளினார். அடுத்து இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை. வலைத்துணி, துப்பட்டா, துண்டு எல்லாம் தலைச்சூடு ஆறாமல் உள்ளே வந்துகொண்டே இருந்தன. சகாயமேரி அவற்றை வைத்து இடுப்பு செய்தாள், தொடை செய்தாள், பிள்ளை பெற்றவளுக்கு இருக்கிற மாதிரி வயிற்றில் கொஞ்சம் மேடு வைத்தாள். மார்புக்குத் துணி வைக்கும்போது சூசை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முப்பது வருடம் கட்டையைக் கட்டியவருக்கு அப்போதுதான் வெட்கம் வந்தது.

பிறகு சேலை. இடுப்பில் ஒரு சுற்று, வலப்பக்கம் செருகல், ஏழு கொசுவம். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நரம்பு வேண்டாமா என்று சூசை மெதுவாகக் கேட்டார். புது நரம்பை வாங்கி, கொசுவத்துக்கு உள்ளே, வெளியே தெரியாமல் அவள் ஒரே ஒரு முடிச்சுப் போட்டாள். பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. கடைசி ஊக்கைத் தோளில் குத்திவிட்டு, நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, கணவனைப் பார்த்து, "நாளைக்குக் கடலுக்குப் போங்க" என்றாள்.

திரையை விலக்கியபோது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. ஜெபம் அல்ல, பாட்டும் அல்ல. கல்யாண வீட்டில் பெண்ணை அலங்கரித்து வெளியே கூட்டிவரும்போது வருமே, அந்தச் சத்தம். என் தொழிலில் நான் அதைத்தான் கூலி என்று வைத்திருக்கிறேன். மாதா ஒரு பெண்ணாக நின்றாள். இடுப்போடு நின்றாள். பங்குச் சாமியார் வந்து பார்த்துவிட்டு, இந்த வருடம் யார் கட்டியது, ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார். கமிட்டிதான் என்றார் மரியதாஸ். மனிதர் அரை மணி நேரத்தில் பழைய ஆளாகிவிட்டார்.

ஆறு மணிக்கு மாதாவைத் தேரில் ஏற்றினார்கள். வாசலில் ஊரே நின்றது. மரியதாஸ் மைக்கைப் பிடித்தார். தேர் புறப்படப் போகிறது, தாய்மார்கள் எல்லோரும் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கவும் என்றார். யாரும் அசையவில்லை. இன்னொரு முறை சொன்னார். மாதாவுக்கு முன்னால் தலையை மூடாமல் நிற்பது மரியாதை இல்லை, முக்காடு போடாதவர்கள் தேருக்குப் பின்னால் வரக் கூடாது என்று குரலை உயர்த்தினார். அறுபது வெறுந்தலைகள் அவரையே பார்த்தன.

சகாயமேரி தேர்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில், அவர் கையில் இருந்த மைக்குக்கு ஒரு முழ தூரத்தில் நின்றிருந்தாள். சத்தம் போட்டெல்லாம் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குரலை மைக் பிடித்துக்கொண்டு, கடற்கரை வரைக்கும் கட்டியிருந்த எல்லாக் குழாய் ஸ்பீக்கரிலும் சொன்னது:

"முக்காடெல்லாம் மாதாகிட்ட இருக்கு அத்தான். வேணும்னா சேலைக்குள்ள கைய விட்டு நீங்களே எடுத்துக் குடுங்க."

முதலில் சிரித்தது சூசை. பிறகு ஊர்.

மரியதாஸ் அண்ணாந்து மாதாவைப் பார்த்தார். மைக்கை அணைத்தார். வடம் பிடிக்கப் போனார்.